அத்தையும் படக்காரரின் கேமராவும்

நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். கல்யாண வீட்டில் மேளத்துக்கும் பேச்சுக்கும் நடுவே, மணவறைக்கு முன்னால் ஒருவர் முட்டி போட்டுக்கொண்டு கறுப்புப் பெட்டி ஒன்றைக் கண்ணோடு அழுத்திப் பிடித்திருப்பார். அது தையல் மெஷின் மாதிரி ஓடும். போன வருடம் நம்மில் ஒருவர் வீட்டுப் பேத்தியின் கல்யாணத்துக்கு அதே மாதிரி ஒரு பெட்டியை ஒரு பையன் கொண்டு வந்திருந்தான். பழைய பிலிம் கேமராவைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, அதில் படம் எடுப்பதுதான் இப்போது நாகரிகமாம். நீங்கள் எல்லாம் அவனைச் சூழ்ந்துகொண்டு அதை ஆசையாகத் தொட்டுப் பார்த்தீர்கள். நான் மட்டும் ஏன் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டேன் என்று கேட்டீர்கள். கால் வலி என்றேன். உண்மையில் வலித்தது கால் இல்லை.

என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, அந்த மாதிரிக் கேமராக்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவள்.

நாங்கள் அப்போது தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அத்தையை அப்பாதான் வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு கேமரா பேக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் பேக்டரி பஸ் ஃபேரர் பார்க் முனையில் வந்து நிற்கும். வெளிர் நீல மேல்சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அத்தை ஓடுவாள். அங்கே நாள் முழுக்க ஷட்டர் பூட்டுகிற வேலை. நெல் மணியைவிடச் சின்ன திருகாணிகள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் போட்டோ கேமராவைக் கொண்டு வந்தார். பிறகு வேறு யாரோ ஒரு சினிமாக் கேமராவைக் கொண்டு வந்தார்கள். அத்தைக்கு அதுதான் பிடித்துப் போனது. "போட்டோ கேமரா ஒரு தடவ கண்ணு சிமிட்டிட்டுத் தூங்கிடும். இது விடாம சிமிட்டிக்கிட்டே ஓடணும்" என்பாள்.

அவளும் நானும் ஒரே அறை. சாலையைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் அவள் மேசை. காலி முட்டை அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, கழற்றிய வரிசைப்படியே ஒவ்வொரு திருகாணியையும் ஒவ்வொரு குழியில் போட்டு வைப்பாள். அந்த அட்டையைத் தொடக் கூடாது. கிட்டே நின்று தும்மவும் கூடாது. மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடுவேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நான் தொடக்கப்பள்ளிக் கடைசி வகுப்பில் இருந்த வருடம் படக்காரர் வந்தார். கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவர் என்பதால் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். மனைவியை இழந்தவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். மாடிப்படி ஏறும்போதே உத்தரத்துக்குத் தலையைக் குனிந்துகொள்வார். யாரிடமோ வாங்கிய பழைய கேமரா ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். நல்ல இரும்பு. கனம் தாங்காமல் என் இரண்டு கையும் இறங்கியது.

"ஓடுது. ஆனா பிலிமைக் கிழிக்குது" என்றார். "இதுல ரெண்டு பக்கமும் பல்லு இருக்கு. இப்ப வர்ற பிலிம்ல ஒரு பக்கம்தான் ஓட்டை. கடையில கேட்டா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கறான்."

அத்தை பல்சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். "இந்தப் பக்கப் பல்ல எடுக்கறது பெரிசில்ல. எடுத்த எடம் வழவழன்னு இருக்கணும். இல்லன்னா பிலிம் முழுக்கக் கோடு விழும்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன் லா" என்றார் படக்காரர்.

அத்தை பல வாரம் அதோடு உட்கார்ந்தாள். ஒரு பக்கப் பற்களை அரத்தால் ராவி எடுத்தாள். பிறகு உப்புத்தாள், அதன் பிறகு வெறும் துணி. விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும் என்று சக்கரத்தை உதட்டில் வைத்து உருட்டிப் பார்ப்பாள். அம்மா அதைக் கண்டு முகம் சுளிப்பாள்.

வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் படக்காரர் மிச்சமிருந்த பிலிம் துண்டு ஒன்றைக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையே கேமராவைத் தூக்கிக்கொண்டாள். அம்மா மூங்கில் கழியில் துணி காயப்போடுவதை எடுத்தாள். அம்மா வெட்கப்பட்டு ஈரச் சட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பா பேப்பர் படிப்பதை எடுத்தாள். என்னைக் குதிக்கச் சொன்னாள். கடைசியில், படி வாசலில் நின்ற படக்காரர் பக்கம் திருப்பினாள்.

பிலிமைக் கழுவி வந்த பிறகு அவர் புரொஜெக்டரோடு வந்தார். அப்பாவின் வேட்டியைச் சுவரில் கட்டினோம். எங்கள் வீடே, அந்தச் சின்ன மாடியே, சுவரில் அசைந்தது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, நான் இவ்ளோ குண்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஒரு கோடு விழவில்லை. பிறகு படக்காரர் வந்தார். வேட்டியில், வாசல் வெளிச்சத்தில், அவர் சிரித்தார். தலையைச் சொறிந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். மறுபடி சிரித்தார். எங்களை எல்லாம் சும்மா தொட்டுவிட்டுப் போன கேமரா அவர் மேலேயே நின்றது. பிலிம் தீரும்வரை நின்றது.

அறையில் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அப்பா எழுந்து விளக்கைப் போட்டார்.

"அவர் நின்ன எடத்துலதான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்றாள் அத்தை. யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள். ஜொகூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்த சமயம் அது. "அவர் வந்துட்டுப் போறாரு, சரி. ஒரு தடவையாச்சும் அவரை அண்ணன்னு கூப்பிடறாளா பாத்தீங்களா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். அத்தை எங்கள் சந்தில் காய்கறி விற்பவரைக்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். படக்காரரை 'நீங்க' என்பதோடு சரி.

கீழே அஞ்சடி நடைபாதையில் கோப்பி குடிப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் அத்தையின் முகம் தெரியும். அதையும் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டு, "ஒத்துக்கிட்ட வேலைய முடிச்சுக் குடுத்துரும்மா. இதோட போதும். ஆனா ஜன்னல்கிட்ட வேணாம், உள்ள வெச்சுச் செய். சாமான் எதுன்னாலும் நான் போய் வாங்கிட்டு வர்றேன். அவர் இங்க வர வேணாம்" என்றார். அது நியாயமான ஏற்பாடு என்று அவர் நம்பினார். மேசையைத் தானே தூக்கிக்கொண்டு போய், அரிசி மூட்டையும் பழைய பாத்திரங்களும் கிடந்த உள்ளறையில் போட்டுக் கொடுத்தார். புது பல்பு மாட்டினார். மேசை ஆடாமல் இருக்க அட்டையை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்தார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் அம்மா ஒரு பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டாள்.

மிச்சமிருந்த வேலைதான் பெரிய வேலை. கேமராவைச் சாவி கொடுத்து முடுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. தாலி கட்டுகிற நேரமாகப் பார்த்து நின்றுவிடும். சுருள்வில்லை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றை வைக்கவேண்டும் என்று படக்காரர் கேட்டிருந்தார். அதற்கு உள்ளே எல்லாவற்றையும் பிரிக்கவேண்டியிருந்தது. எத்தனையோ வருடத்து எண்ணெய் பற்களுக்கு நடுவே தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அதைக் கரைக்க அத்தை ஒரு திரவம் வைத்திருந்தாள். தண்ணீர் மாதிரி இருக்கும், தண்ணீரைவிடக் கனம். இனிப்பான நெடி. துணிக்கறைக்கும் பிலிமைத் துடைக்கவும் அந்தக் காலத்தில் அதைச் சாதாரணமாக விற்றார்கள். வீட்டில் நாங்கள் அதை மருந்து என்போம். ஜன்னலோரம் இருந்தபோது பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைப்பாள். இப்போது சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, சக்கரங்களை அதில் ஊறப் போட்டாள்.

மருந்து தீர்ந்துபோனது. பிலிம் துடைக்கப் படக்காரர் அதை வாங்கி வைத்திருப்பார் என்பதால் அப்பா அவர் வீட்டுக்கு வாங்கப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. பாட்டிலை மேசையில் டொக்கென்று வைத்தார்.

"என்ன துணிச்சல் பாரு அவனுக்கு" என்றார் அம்மாவிடம். "பாட்டிலக் கையில குடுத்துட்டு, 'தங்கச்சிய ஜன்னலத் தெறந்து வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்லுங்கண்ணே'ங்கறான். என்கிட்டயே! இன்னும் ஏதோ சொல்ல வந்தான். வாயத் தொறக்கறதுக்குள்ள எறங்கி வந்துட்டேன்."

அம்மா திரையின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுங்க" என்றாள்.

நான் அங்கேதான் கீழே உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். படக்காரர் மேல் எனக்கும் கோபம் வந்தது. அப்பாவை அவ்வளவு கோபப்படுத்துகிற எதுவும் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வயது.

அன்றிலிருந்து சாலைப் பக்கத்து ஜன்னலையும் சாத்தியே வைத்தோம்.

பிறகு அத்தைக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. நானும் திரையை விலக்கிக்கொண்டு போய்ச் சற்று நேரம் நின்றால் எனக்கும் நெற்றிப் பொட்டில் தெறிக்கும். "வெயில்ல வர்ற தலவலி" என்று அம்மா எனக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அத்தைக்குக் காலையில் எழுந்ததும் குமட்டியது. சோற்று வாசனை பிடிக்கவில்லை. ஒருநாள் பேக்டரிக்குக் கிளம்பும்போது குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை.

அன்று மாலை அம்மா உள்ளறைக்குள் போனாள். நான் திரைக்கு வெளியே இருந்தேன்.

"எத்தன நாளு ஆச்சு ஒனக்கு?"

"என்ன அண்ணி?"

"என்னன்னு கேக்காத. நான் ரெண்டு பெத்து ஒண்ணப் பறிகொடுத்தவ."

கையிலிருந்த சாமானைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அத்தை சொன்னாள்: "நீங்க நெனைக்கிறது இல்ல அண்ணி."

"அப்ப டாக்டர்கிட்ட போலாமா?"

"போலாம். இப்பவே வாங்க."

அத்தை உடனே ஒத்துக்கொண்டதிலேயே அம்மாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அம்மா அப்பாவிடம் வந்து சொன்னாள். அப்பா டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். தேக்காவில் எந்த டாக்டரிடம் போனாலும் அடுத்த நாள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும், ஜொகூர்வரைக்கும் போய்விடும் என்றார். "கொஞ்ச நாள் வீட்டோட இருக்கட்டும், பாக்கலாம்" என்றார். பேக்டரிக்கும் போக வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எதைப் பார்க்கலாம் என்று அவர் நினைத்தார், இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யார் யாரிடமோ யோசனை கேட்டார். கோவிலுக்குப் போய் வந்தார். தங்கையிடம் மட்டும் போய் உட்காரவில்லை. அவள் இருந்த அறையைத் தாண்டும்போது குனிந்துகொண்டு போவார்.

போக்கிடம் இல்லாமல் அத்தை நாள் முழுக்க அந்த உள்ளறையில் உட்கார்ந்து கேமராவை முடிக்கப் பார்த்தாள். இதை முடித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருப்பாள். அவள் முகம் ஊதத் தொடங்கியது. அம்மாவுக்கு அதுவும் வேறு அர்த்தம் தந்தது. திருகாணிகள் அவள் விரலிலிருந்து நழுவி விழுந்தன. முட்டை அட்டையில் எது எந்தக் குழி என்று அவளுக்கே மறந்துபோனது. ஒருநாள் நான் உள்ளே போனபோது மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கிண்ணம் திறந்தபடி இருந்தது. "அத்தே" என்றேன். "பல்ப அணைச்சுடு. கண்ணு கூசுது" என்றாள்.

வேலைக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்தவள் அத்தையின் பேக்டரித் தோழி ஒருத்தி. பக்கத்து பெஞ்சில் வேலை செய்யும் சீனப் பெண். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு மாடி ஏறி வந்தாள். உடம்பு சரியில்லை, தூங்குகிறாள் என்று அம்மா மலாயில் சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. திரையை விலக்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். பிறகு உள்ளே போய் அத்தையைக் கைத்தாங்கலாக இழுத்து வந்தாள். வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"மாத்தா கூனிங் லா!" என்று கத்தினாள். "மாத்தா கூனிங்! நீங்க பாக்கலையா?"

கண் மஞ்சள். நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. அத்தை கண்ணை நிமிர்த்தி எங்களைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினாள் என்பதையும் கவனித்திருக்கவில்லை.

தோழி டாக்சி பிடித்தாள். அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். அப்பா நேரே கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கர்ப்பமெல்லாம் இல்லை என்பதை ஏதோ பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஈரல் கெட்டிருக்கிறது, சிறுநீரகமும் வேலை செய்யவில்லை, பிழைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என்ன வேலை செய்தாள் என்று விசாரித்தார். தோழி கேமராவைப் பற்றியும் அந்த மருந்தைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். அவள் உட்கார்ந்து வேலை செய்த அறையில் ஜன்னல் இருந்ததா?

அப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

"இருக்கு டாக்டர்" என்றார் ஆங்கிலத்தில். "எங்க வீட்டுல ஜன்னல் இருக்கு."

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என் தோளைப் பிடித்து, "என்ன கேக்குறாரு?" என்றாள். சொன்னேன். அப்பா சொன்ன பதிலையும் சொன்னேன்.

"அந்த ரூம்ல எங்கங்க ஜன்னல்?" என்றாள் அம்மா.

"சும்மா இரு."

அம்மா சும்மா இருக்கவில்லை. அப்பா பேச்சை அவள் மீறி நான் பார்த்த முதல் தடவை அது. "நீ சொல்லு. ஜன்னல் இல்ல, நாங்கதான் உள்ள உக்கார வெச்சோம்னு சொல்லு" என்றாள் என்னிடம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்தத் திரவம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், திறந்தவெளியில்தான் அதைக் கையாளவேண்டும், விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டுமே என்றார். அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அத்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழைய உடம்பு இல்லை. பேக்டரி வேலையும் ஜொகூர்ச் சம்பந்தமும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தோழியின் குடும்பத்துக்கு ஆங் மோ கியோவில் புது அடுக்குமாடி புளோக்கில் வீடு கிடைத்திருந்தது. அங்கே ஓர் அறையில் போய் இருந்துகொண்டாள். அப்பா இரண்டு தடவை கூப்பிடப் போனார். "இங்க காத்து நல்லா வருதுண்ணே" என்றாளாம். வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்க அப்பா போனபோது நானும் கூடப் போனேன். பாதி பிரித்த உடம்பை ஒரு பையிலும், சக்கரங்களையும் திருகாணிகளையும் பிஸ்கட் டின் ஒன்றிலும் போட்டிருந்தார். எல்லாம் ஒன்றாகக் கலந்து கலகலத்தன. இனி யாராலும் அதைச் சேர்க்க முடியாது. படக்காரர் வாங்கிக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"நான் சொல்லி அனுப்பினேனே அண்ணே" என்றார்.

"சொன்னீங்க" என்றார் அப்பா.

வீடு திரும்பும்வரை அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். கை வலித்தது.

படக்காரர் பிறகு மலேசியாப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நாங்கள் சிரித்துப் பார்த்த அந்தப் பிலிம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பெரியவளான பிறகு ஒருநாள் அத்தையிடம் கேட்டுவிட்டேன், அவரைப் பிடித்திருந்ததா என்று. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தாள். "இருந்திருக்கலாம். அது என்னன்னு நான் பாக்கறதுக்குள்ள நீங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்களே" என்றாள். 'நீங்க எல்லாரும்' என்றதில் என்னையும் சேர்த்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் வகுப்பு எடுத்தாள். தீபாவளிக்கு வருவாள், எங்கள் பிள்ளைகளைக் கொஞ்சுவாள், அப்பாவிடம் உடம்பு எப்படி என்று விசாரிப்பாள். வெளியாருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். அம்மா சாகும் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா மட்டும் எதுவும் பேசாமலே எண்பதைத் தாண்டினார்.

அவர் என் வீட்டில் படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் அத்தை ஒரு மத்தியானம் வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அன்னிக்கு ஊரெல்லாம் கேட்டீங்க. என்கிட்ட வந்து, 'என்னம்மா ஒனக்கு, என்ன செய்யுது'ன்னு ஒரு வார்த்த ஏன் கேக்கல?"

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருந்துச்சும்மா" என்றார். "நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

"ஆமான்னு சொல்லியிருந்தாத்தான் என்ன?" என்றாள் அத்தை. "நான் சாகக் கெடந்தேன்."

அப்பா அழுதார். வயதானவர்கள் அழுவது உங்களுக்குத் தெரியும், சத்தம் வராது, காதுப் பக்கமாக வழியும். அத்தை துடைத்துவிடவில்லை. எழுந்தும் போகவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் கால் பக்கம் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினாள்.

நான் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். பஸ் வந்து கதவு திறந்த பிறகுதான், "நாளைக்கும் வர்றேன். அண்ணனுக்கு என்ன வேணும்னு கேட்டு வை, செஞ்சு எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

மேலே போய், என்ன வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.